வழியனுப்பாத பறவைகள்

கொக்கனேந்தல்காரர்களுக்கு வழியனுப்பும் பைத்தியம் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்களானாலும் சரி, கரண்டு மீட்டரில் ரீடிங் எடுக்க வந்தவரானாலும் சரி, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்துபோய், பஸ் வளைவில் திரும்பி மறைந்து, கிளப்பிய புழுதியும் அடங்கிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். யாரும் "போயிட்டு வாங்க" சொல்லாமல் ஒருவர் அந்த ஊரைவிட்டுப் போனார் என்றால் அவர் ஆடு திருட வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மனிதர்களுக்கே இத்தனை உபசாரம் என்றால் பறவைகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்குப் பின்னால் எங்கெங்கிருந்தோ வந்து பெரிய கண்மாயில் இறங்கி, தையும் மாசியும் தின்று கொழுத்து, பங்குனி வெயிலில் தண்ணீர் சுருங்கச் சுருங்கத் தாங்களும் நெருங்கி உட்கார்ந்துகொள்கிற அந்தப் பறவைகளை, கடைசித் தண்ணீர் வற்றுகிற நாளின் சாயங்காலத்தில் ஊரே கரையேறி நின்று, ஒரு குடம் பானகத்தைக் கண்மாய்க்குள் ஊற்றிவிட்டு, "ஒங்க எடம் ஒங்களுக்கே இருக்கு, போயிட்டு வாங்க" என்று மூன்று தரம் சொல்லி வழியனுப்பும். மறுநாள் விடிந்து பார்த்தால் கண்மாயில் ஒரு இறகுகூட மிஞ்சியிருக்காது. இப்படி ஒரு வருஷமும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது, அந்தப் பங்குனி இருபத்தெட்டாம் தேதி வரைக்கும்.

அன்றைக்குத்தான் ஊர் மொத்தமும் இரண்டு லாரியில் ஏறி மனுக் கொடுக்க டவுனுக்குப் போயிருந்தது. மனு கண்மாயைப் பற்றியது. முன்னாள் பிரசிடெண்ட் இராக்கப்பன் கண்மாயின் கிழக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணடித்து உயர்த்தி, மதில் கட்டி, செங்கல் சூளை போட்டு, உள்ளே ஏசி வைத்த ஆபீஸ் ரூமும் எழுப்பியிருந்தார். அது போதாதென்று, "இங்கே தண்ணீர் நின்றதே கிடையாது, பறவை வந்ததே கிடையாது, இது வெறும் தரிசு" என்று எழுதிக்கொடுத்து, கண்மாய் முழுவதையுமே தரிசுக் கணக்கில் மாற்றப் பார்த்தார். கோட்டாட்சியர் நேரில் வந்து பார்ப்பதற்குச் சித்திரை பத்தாம் தேதி குறித்திருந்தார்கள். சித்திரையில் எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கும், எந்தப் பறவை உட்கார்ந்திருக்கும்? தேதியைத் தேடிப் பிடித்து வாங்கியவரே இராக்கப்பன்தான் என்று ஊருக்குத் தெரியும்.

ஊருக்குள் இதற்காக அதிகம் வயிறு எரிந்தது மங்களேஸ்வரிக்கு. கொக்கனேந்தலுக்கும் பக்கத்து நாலு ஊருக்கும் அவள்தான் தபால் பட்டுவாடா செய்கிறவள். காலையில் சைக்கிளை எடுத்தால் கண்மாய்க் கரை வழியாகத்தான் போக வேண்டும். போகிற போக்கில் பறவைகளை எண்ணுவாள். எண்ணியதை ஒரு நோட்டில் தேதி, பறவை, எண்ணிக்கை, பார்த்தவர் என்று நாலு கட்டம் போட்டு எழுதுவாள். அவள் புருஷன் கர்ணன் தன் டீக்கடைப் பலகையில் அதைப் பார்த்து எழுதிப்போடுவான். "இன்று: கூழைக்கடா 43, நாமக்கோழி 210, தட்டைவாயன் 96, வடை சூடாக உண்டு." பதினோரு வருஷத்தில் அவள் ஒரு முக்குளிப்பானைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அப்படிப்பட்ட நோட்டைப் போன வருஷ விசாரணையில் ஒரு குமாஸ்தா ரெண்டு விரலால் புரட்டிப் பார்த்து, "பார்த்தவர்ங்கிற கட்டம் பூரா நீயே கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா, வேற யாராச்சும் பெரிய மனுசங்க பாத்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு மூடிக் கையில் கொடுத்துவிட்டான். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அவள் அழுதாள்.

மனுக் கொடுக்கப் போனவர்கள் வெயிலில் காய்ந்து, பொழுது சாய்ந்து திரும்பிவந்து, கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள். கண்மாயைக் காப்பாற்றப் போன அலைச்சலில் கண்மாய் வற்றிய நாள் அதுதான் என்பது யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. பானகம் கரைக்கவில்லை. கரையேறவில்லை. கர்ணன் பலகையிலிருந்த பறவைக் கணக்கைக்கூடத் துடைக்கவில்லை.

மறுநாள் காலை மங்களேஸ்வரி, கோடையில் எல்லோரும் செய்வதுபோல, கரையைச் சுற்றாமல் காய்ந்த கண்மாய்க்குள்ளேயே சைக்கிளை இறக்கினாள். பாளம் பாளமாக வெடித்த மண்ணில் பாதி தூரம் போயிருப்பாள், நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் நூற்றுக்கணக்கான ஆரஞ்சுக் கால்களும் சாம்பல் கால்களும் சாவகாசமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில் பறவைகள் நீந்திக்கொண்டிருந்தன. ஐப்பசியில் வந்து இறங்கியபோது கண்மாய் எந்த மட்டத்துக்கு நிறைந்திருந்ததோ அதே மட்டத்தில், ஒரு விரற்கடை ஏற்ற இறக்கம் இல்லாமல், அத்தனையும் மிதந்தன. அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, வழக்கம்போல எண்ண ஆரம்பித்தாள். கீழேயிருந்து எண்ணுவது சுலபமாக இருந்தது. இரண்டால் வகுக்க வேண்டியதுதான்.

"நேத்து நாம வழியனுப்பலைங்க," என்றாள் கடைக்கு வந்து. "சொல்லாம எப்படிப் போகும்? இருந்துட்டுதுக."

கர்ணன் டீயை ஆற்றுவதை நிறுத்திப் பலகையைப் பார்த்தான். "எம்மேலயும் தப்பிருக்கு. பலகையத் தொடைக்கல," என்றான்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தண்ணீர் இல்லாமல் எப்படி நீந்துகிறது என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. விருந்தாளியை அம்போ என்று விட்டுவிட்டோமே என்றுதான் வெட்கப்பட்டார்கள். அன்று சாயங்காலமே கரையில் கூடினார்கள். பானகம் வந்தது. ஆடு மேய்க்கும் சாத்தையா குடத்தைச் சரித்தார். ஊரே மூச்சை இழுத்து வாயைத் திறந்த அந்தக் கணத்தில், கிழக்கே ஒரு கூழைக்கடா எழும்பிப் பறந்து, இராக்கப்பனின் மதிலைத் தாண்டி உள்ளே இறங்கி, அடுக்கிவைத்த, இன்னும் சுடாத பச்சைக் கல்லுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில், நிம்மதியாக நீந்த ஆரம்பித்ததை மங்களேஸ்வரி பார்த்தாள். அதன் பின்னாலேயே நாலு வாத்து.

"நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாத்தையா குடத்தையே நழுவவிட்டார். "யாரும் சொல்லிராதீங்க! அங்க பாருங்க. தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சோ அதுவரைக்கும் நீந்துதுக. சித்திரை பத்து வரைக்கும் இருக்கட்டும். வர்ற ஆபீசரு பாக்கட்டும்."

திறந்த வாயை ஊர் அப்படியே மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அது கொக்கனேந்தல்காரர்களால் மட்டுமே படக்கூடியது. பறவைகளின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதால் பன்னிரண்டு நாளைக்கு ஊருக்குள் யாரும் யாரையும் வழியனுப்பக் கூடாது என்று முடிவாயிற்று. பல் வலியைப் பொறுத்துக்கொள்கிற ஜனம்; இதைப் பொறுக்க முடியாமல் தவித்தது. மகளையும் பேரனையும் பார்க்க வந்த சம்பந்தியம்மா, ஒரு வார்த்தை சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து, இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று பஸ் ஏறினார். கல்யாணமாகிப் போன பெண்ணை ஊரே தலையை மட்டும் ஆட்டி அனுப்பியது. அவள் அழுத அழுகையில் மாப்பிள்ளை வீட்டார் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்கள். கர்ணன் டீக் குடித்துவிட்டு எழுந்தவர்களிடம் "ம்" என்று மட்டும் சொன்னான்.

மற்றபடி வாழ்க்கை பறவைகளுக்குக் கீழே நடந்துகொண்டுதான் இருந்தது. முள் வெட்டப் போன பெண்கள் எச்சத்துக்குப் பயந்து தலையில் ஈயத்தட்டைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். மடைப் பக்கத்துப் பள்ளத்தில் பறவைகள் பனையின் பாதி உயரத்தில் மிதந்தன. அந்த நிழலில் சாத்தையா ஆடுகளை அடைத்துப்போட்டுத் தூங்கினார். மேட்டுப் பக்கம் வர வர உயரம் குறைந்து, முழங்காலுக்கு வந்து, கணுக்காலுக்கு வந்து, கடைசியில் வாத்தின் கால் தரையைத் தட்டியது. கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடியவர்கள், பந்து நாமக்கோழியில் பட்டால் அவுட் என்று சட்டம் போட்டார்கள். முக்குளிப்பான் தலைகீழாகப் பாய்ந்து, விறகு சுமந்து போகிறவளின் மூக்குக்கு நேரே வந்து, ஒரு முழி முழித்துவிட்டு, அலகில் மீனோடு மேலே ஏறியது. மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை. மஞ்சள் மூக்கு நாரைகள் மட்டும் எப்போதும்போலத் தரையில் காலூன்றி நின்றன. அவற்றுக்கு ஏதும் வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

இராக்கப்பனின் சூளையில் நிலைமை வேறு. அறுத்துக் காயவைத்த பச்சைக் கல்லின் மேல் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து அம்மைத் தழும்பு போட்டது. லாரி உள்ளே வந்தால் வாத்துகள் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி வந்து சேர்ந்துகொண்டன. அந்தக் கூழைக்கடாவோ முதல் நாளே ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்து, மேஜைக்கு நேர் மேலே, மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே இடம் பிடித்துவிட்டது. விரட்டினால் போய்விட்டுத் திரும்பி வந்தது. கதவைப் பூட்டினால் வாசலிலேயே மிதந்துகொண்டு நின்றது. திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போயிற்று.

ஐந்தாம் நாள் இராக்கப்பன் மைக் செட்டை வாடகைக்கு எடுத்துவந்து மதிலோரம் நின்று, "போயிட்டு வாங்க! போயிட்டு வாங்க!" என்று மூன்று தரம் என்ன, முப்பது தரம் கத்தினார். ஒரு பறவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியனுப்புகிற வாக்கில் பாதியை அவர் விழுங்கிவிட்டார் என்று கரையில் நின்ற கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. "ஒங்க எடம் ஒங்களுக்கே இருக்கு" என்பதை அவர் எந்த வாயால் சொல்வார்?

எட்டாம் நாள் மத்தியானம், அவரே டீக்கடைக்கு வந்தார். மங்களேஸ்வரி பட்டுவாடா முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா மங்களேசு," என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்காகச் சொல்லலை. அந்த வரித்தலை வாத்துகளைப் பாத்தியா? நாலு நாளா வடக்கேயே பாத்துக்கிட்டு நிக்கிதுக. பனிமலை தாண்டிப் போகவேண்டிய சீவன். இந்த வெயில்ல கெடந்து சாகவா? பாவம் ஒனக்குத்தான் வந்து சேரும். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்ரு."

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. வரித்தலை வாத்துகள் பதினேழும் கண்மாயின் வடக்கு மூலையில் வரிசையாக, மேயாமல், வடக்கே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நோட்டில் 17 என்று எழுதும்போதெல்லாம் கை கூசியது. விருந்தாளியைப் பிடித்துவைத்துக்கொண்டு சாட்சி சொல்லச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவர் போன பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனாள். அங்கே வாத்துகள் அவள் முகத்துக்கு நேரே மிதந்தன. "நாலு நாளு," என்றாள் கையெடுத்துக் கும்பிட்டு. "நாலே நாலு நாளு பொறுத்துக்கங்க. இப்ப ஒங்கள அனுப்பிட்டா, அடுத்த ஐப்பசிக்கு நீங்க எறங்க எடமிருக்காது. எடமில்லாம எந்த வாயால நான் 'எடமிருக்கு'ன்னு சொல்லுவேன்? பொய்யி சொல்லி வழியனுப்பச் சொல்றீங்களா?"

பதினேழில் ஒன்று கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு குனிந்து, இல்லாத தண்ணீரில் ஒரு வாய் குடித்தது. மற்றவையும் குடித்தன. அன்றிலிருந்து அவை மேய ஆரம்பித்தன என்று அவள் நோட்டில் இருக்கிறது.

சித்திரை பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. கோட்டாட்சியர் ஒரு நடுவயது அம்மாள். குடை பிடிக்க வந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கரையிலிருந்து நேராகக் கண்மாய்க்குள் இறங்கி, தலைக்கு மேலே கால்கள் நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு சொட்டு அவர் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

"பழைய எல்லை எங்க இருக்கு?" என்று சர்வேயரைக் கேட்டார்.

"வரைபடத்துல கெழக்குப் பக்கம் முழுக்கக் கரையான் தின்னுருச்சும்மா. எல்லைக் கல்லும் காணோம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

இராக்கப்பன் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா நானும் சொல்றேன். இங்க தண்ணியே நின்னதில்ல."

கோட்டாட்சியர் அவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "அப்ப இதுகளெல்லாம் எதுல நீந்துது?" என்று கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில். "சர்வேயர், வாத்து கால் எங்கெங்க தரையைத் தட்டுதோ அங்கெல்லாம் ஒரு கொடி நடுங்க."

ஊரே கொடி நட்டது. குச்சி தீர்ந்ததும் சுள்ளி ஒடித்து, சிவப்புத் துணி தீர்ந்ததும் பழைய பாவாடையைக் கிழித்து நட்டார்கள். மங்களேஸ்வரி முன்னால் நடந்து, ஒவ்வொரு வாத்தின் காலையும் குனிந்து பார்த்து, "இங்க" என்றாள், "இங்க" என்றாள். கொடி வரிசை கரையோரம் போய், மேட்டில் வளைந்து, சூளை மதிலை அடைந்து, நிற்காமல் மதிலின் அந்தப் பக்கம் போய், சூளையையும் லாரிகளையும் ஆபீஸ் ரூமையும் தாண்டி, தார் ரோட்டுப் பனை வரிசையில் போய்த்தான் நின்றது. நூற்றுப் பதினான்கு கொடி. எல்லாம் கொடிக்கு உள்ளே இருந்தது. கோட்டாட்சியர் ஜீப்பின் முன்பக்கத்திலேயே காகிதத்தை வைத்து, கண்மாய் கண்மாய்தான் என்றும், கொடிக்குள் இருக்கிற கட்டடத்தை அகற்ற வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் யாரும் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு நாளாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கரையேறியது. ஒரு குடம் என்ன, ஒன்பது குடம் பானகம் ஊற்றினார்கள். "ஒங்க எடம் ஒங்களுக்கே இருக்கு!" என்று கொக்கனேந்தல் கத்தியபோது பக்கத்து நாலு ஊருக்கும் கேட்டது. "போயிட்டு வாங்க!" மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும் பறவைகள் இறகடித்து, இல்லாத தண்ணீரின் மேல் தடதடவென்று ஓடி எழும்பின. அப்போது தெறித்தது தண்ணீர். குளிர்ந்த, பாசி வாடை அடிக்கிற ஐப்பசித் தண்ணீர். கரையில் நின்ற அத்தனை பேரும் சித்திரை வெயிலில் தொப்பலாக நனைந்தார்கள். வரித்தலை வாத்துகள் பதினேழும் ஊரை ஒரு வட்டம் சுற்றி, மங்களேஸ்வரியின் தலைக்கு மேல் தாழ்ந்து, வடக்கே போயின. அவள் கண்ணீரையும் கண்மாய்த் தண்ணீரையும் முந்தானையால் சேர்த்துத் துடைத்தாள். இத்தனை சந்தோஷம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை.

எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அவளுக்குத்தானே தெரியும்.

ஊர் அவள் பின்னாலேயே ஆபீஸ் ரூமுக்கு வந்தது. கூழைக்கடா மேஜைக்கு மேலே அப்படியே மிதந்துகொண்டிருந்தது. ஊர் வாசலில் நின்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தது. அது உள்ளே நின்ற இராக்கப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யார் வீட்டில் இருந்தோமோ அவர் சொல்லாமல் எப்படிப் போவது?

"சொல்லுங்க சித்தப்பு," என்றாள் மங்களேஸ்வரி. "பாவம், தனியா நிக்கிது."

அவர் ஜன்னலில் நெருங்கிய முகங்களைப் பார்த்தார். வாசலில் கோட்டாட்சியர் டீக் கிளாஸோடு நின்றார். இராக்கப்பன் உதட்டுக்குள் ஏதோ முனகினார்.

"கடாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் போலருக்கு," என்றான் கர்ணன். "சத்தமாச் சொல்லுங்க."

"ஒங்க எடம்..." என்று ஆரம்பித்து நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஒங்க எடம் ஒங்களுக்கே இருக்கு! போயிட்டு வாங்க!" என்று இராக்கப்பன் கத்தினார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் குரல் உடைந்தது. கூழைக்கடா இறக்கையை விரித்தது. அந்த ரூமே இருட்டிற்று. ஒரு அடி, இரண்டு அடி ஓடி, வாசல் வழியாக வெளியேறி, மதிலின் மேல் எழும்பிப் போயிற்று. அது விட்டுப்போன தண்ணீரில் அவர் தலை முதல் வேட்டி வரை நனைந்து நின்றார்.

மங்களேஸ்வரி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். சித்திரை 10, கூழைக்கடா, 1 என்று மூன்று கட்டத்தை நிரப்பினாள். நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள். அவர் ஊரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ஈரக் கையால் பேனாவை வாங்கி, பார்த்தவர் என்ற கட்டத்தில் அவசரமாக ஒரு கிறுக்கல் போட்டார்.

ரிஜிஸ்டர் தபால் வாங்குகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவள் அவரிடமும் சொன்னாள்.

"முழுப் பேரும் எழுதுங்க சித்தப்பு. கீழ தேதியும் போடுங்க."